ஜெரஜாக்கும் கமரானும்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டாவது பாலத்தின் வழியாகப் பினாங்குக்குப் போகிறவர்களுக்கு வலப்பக்கம் காடடர்ந்த சிறு தீவு ஒன்று தெரியும். அதுதான் ஜெரஜாக். பாலம் 2014இல் வந்தது. நம் பாட்டன்மாருக்கோ அந்தத் தீவு வெகுகாலத்துக்கு முன்பே பழக்கம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களில் பலர், தோட்டத்தில் கால் வைக்குமுன் அங்கேதான் தடுத்து வைக்கப்பட்டார்கள். அம்மையும் காலராவும் ஊருக்குள் நுழையக் கூடாதல்லவா!

நேயர்களே, இன்று நாம் பேச வந்தது அதே பினாங்குத் துறைமுகத்திலிருந்து மேற்கே போனவர்களைப் பற்றி. மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் ஹஜ் கடமைக்காக இங்கே கப்பலேறினார்கள். பயணிகள் தங்கிச் சென்ற லெபோ ஆச்சே வட்டாரத்தை ‘இரண்டாவது ஜித்தா’ என்றே அழைத்தார்கள். 1808இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது.

அவர்களுக்கும் ஒரு ஜெரஜாக் காத்திருந்தது. 1865இல் மக்காவில் காலரா பரவி, சுமார் 15,000 பயணிகள் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நோய் எகிப்தைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போயிற்று. உலக நாடுகள் விழித்துக்கொண்டன. செங்கடலில் கமரான் என்னும் தீவில் துருக்கி அரசாங்கம் 1882 வாக்கில் ஒரு நிலையத்தைத் திறந்தது. தெற்கிலிருந்து வரும் பயணிக் கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். வெயிலில் பல நாள் காவல். அதற்குக் கட்டணமும் பயணிகளே கொடுக்க வேண்டும். துணிமணிகளை வாங்கி நீராவியில் இட்டார்கள்.

தடுத்து வைப்பது மார்க்கத்துக்கு விரோதமா? இல்லை. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகவேண்டாம், அவ்வூரில் இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாக ஹதீஸ் சொல்கிறது. மக்களை உறுத்தியது தடுத்த விதம்தான். பாஷை புரியாத அதிகாரி. அந்நிய ஆடவர் கைபட அஞ்சிய பெண்கள். ஹஜ் நாள் தவறிவிடுமோ என்ற பதைப்பு.

இதை நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டு. இந்திய மருத்துவர் அப்துர் ரஸாக், தாமும் முஸ்லிம், 1878இல் பயணிகளோடு போய்வந்தார். 1882இல் ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதரானார். பயணிகளின் குறையைக் கேட்க அவர்கள் மார்க்கம் அறிந்த ஒருவர் அங்கே கிடைத்தார். ஆனால் அவரும் அந்தக் கெடுபிடி அரசின் உத்தியோகஸ்தர்தானே! 1895 மே மாதம் மக்காவில் கூட்டம் ஒன்று நீராவிக் கருவியை உடைத்தது. சில நாளில் ஜித்தா மதிலுக்கு வெளியே அப்துர் ரஸாக் கொல்லப்பட்டார். தடுப்பு முறைகள்மேல் மூண்ட ஆத்திரமே காரணம் என்று அந்நாளில் பேசப்பட்டது. பாவம், இரு பக்கத்துக்கும் நடுவே நின்ற மனிதர்.

1920களில் மலாயா அரசாங்கம் ஹாஜி அப்துல் மஜீத் பின் ஜைனுத்தீனைப் பயணிகளின் நலன் காக்கும் அதிகாரியாக ஜித்தாவுக்கு அனுப்பியது. இன்று தாபுங் ஹாஜி பயணிகளோடு மருத்துவர்களும் தாதியரும் போகிறார்கள்.

ஜெரஜாக்குக்கு எதிரே, பத்து காவான் தொழிற்சாலைகளுக்கு இப்போது வங்காளதேசத்து முஸ்லிம் தொழிலாளர்கள் வருகிறார்கள். நோன்பு மாதத்தில் மாத்திரையை எந்த வேளை விழுங்குவது என்று கிளினிக்கில் கேட்க அவர்களுக்குப் பாஷை வருவதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் முன் வயிற்றைத் தொட்டுக் காட்டி நின்ற நம் பாட்டிமாரை நாம் மறந்துவிடவில்லையே.