நகராத சைக்கிளில் ஒரு மணி நேரம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் தொடருங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கிறார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஓர் இயந்திரத்தில் சைக்கிளை மாட்டிக்கொள்கிறார்கள். இண்டோர் டிரெய்னர் என்று பெயர். சைக்கிள் நகராது. உள்ளே இருக்கும் காந்தம் காலுக்கு எதிர்ப்புக் கொடுக்கும். எத்தனை வாட் மிதிக்கிறோம் என்று திரையில் தெரியும்.

அவர் கேட்ட கேள்வி இது: "சார், ரோட்ல இதே வாட் அரை மணி நேரம் மிதிச்சுடறேன். வீட்ல இருபது நிமிஷம் பிடிக்க முடியல. பன்னிரண்டாவது நிமிஷம் கால் நின்னுடுது. எனக்கு மனவலிமையே இல்லையா?"

மனவலிமையை அப்புறம் பார்க்கலாம், முதலில் சரித்திரத்தைப் பார்ப்போம் என்றேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனிடம் கேட்டால் வேறென்ன வரும்?

நகராத சைக்கிள் விளையாட்டுக்கு மட்டும் வந்ததல்ல. அது விஞ்ஞானிகளின் கருவியாகவும் இருந்தது. உழைக்கும் மனிதனுக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று 1890களில் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியரும் ரோசா என்ற இயற்பியலாளரும் ஒரு சிறிய அறையைக் கட்டினார்கள். உட்சுவர் செம்புத் தகடு. ஓர் ஆள் படுக்கவும் உட்காரவும் மட்டுமே இடம். உள்ளே இருப்பவர் உடலிலிருந்து வெளியேறும் உஷ்ணம், மூச்சுக் காற்று, எல்லாவற்றையும் வெளியிலிருந்து அளந்தார்கள். அதற்குள் ஒரு சைக்கிளையும் வைத்தார்கள். அது எங்கும் போகாது. ஒரு சின்ன டைனமோவைச் சுற்றும். ஆட்கள் அதை மணிக்கணக்காக மிதித்தார்கள்.

அந்தச் செம்பு அறையிலிருந்து வந்த கணக்கு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் உஷ்ணம்.

என் மாணவருக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். நீ 200 வாட் மிதித்தால் உன் உடம்பு கிட்டத்தட்ட 800 வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. கதவைச் சாத்திய அறையில் ஓர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் சூடேற்றி வைப்பதற்குச் சமம். சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்றே அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். அறையில் காற்று அசையாது. வியர்வை காயாமல் சொட்டும். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்பும். காலுக்கும் ரத்தம் வேண்டும். இரண்டுக்கும் ஈடு கொடுக்க, வாட் ஏறாமலேயே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாவது நிமிஷம் கால் நிற்காமல் என்ன செய்யும்?

"ஃபேன் இருக்கு சார், மேலே சுத்துது" என்றார். மேலே சுற்றுவது போதாது தம்பி, நேர் எதிரே நெஞ்சைப் பார்த்து ஒரு பெடஸ்டல் ஃபேன் வேண்டும், முழு வேகத்தில்.

இனி அந்த "இருபது நிமிஷம்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் திரெஷோல்டு என்கிறார்கள். நம் வீட்டு நிலைப்படிதான். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றால், உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டேட்டை உடம்பு அவ்வப்போதே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். தாண்டிவிட்டால் வரவு கூடிக்கொண்டே போகும், மூச்சு இரைக்கும், சில நிமிஷங்களில் கணக்கு முடிந்துவிடும். 1964இல் வாசர்மேன், மெக்கில்ராய் என்ற இரண்டு மருத்துவர்கள் இதய நோயாளிகளின் மூச்சைக் கவனித்து இந்த எல்லைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்சில் மோனோ, ஷெரர் இருவரும், ஒரு தசை களைப்பில்லாமல் நெடுநேரம் தரக்கூடிய சக்திக்கு ஓர் உச்சம் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சைக்கிள்காரர்கள் கையில் இது எளிய வடிவத்தில் வந்தது பிறகுதான். ஆண்ட்ரூ காகன் என்ற அமெரிக்க உடலியலாளர், ஒருவர் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வாட்டுக்கு எஃப்டிபி என்று பெயர் கொடுத்தார். எல்லோராலும் ஒரு மணி நேரம் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே இருபது நிமிஷம் மிதித்து, வந்த சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது.

என் மாணவர் சோதனை செய்தது சாலையில். அங்கே இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, இரண்டு விநாடி கால் ஓயும். டிரெய்னரில் அந்த ஓய்வும் கிடையாது. போதாததற்கு அவர் இயந்திரத்தைத் தானியங்கி முறையில் வைத்திருக்கிறார். கால் சுற்றுவது குறைந்தால், வாட்டைக் காப்பாற்ற அது எதிர்ப்பைக் கூட்டும். களைத்த காலுக்கு இன்னும் சுமை. வட்டிக்கு வட்டி போல. களைப்பு தெரிந்தவுடனே நிமிஷத்துக்குத் தொண்ணூறு சுற்று விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த முறையையே நிறுத்திவிட்டுக் கியரில் மிதிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் என்ற அளவு சைக்கிள் உலகத்துக்குப் புதிதல்ல. 1893 மே 11 அன்று பாரிஸில் ஆன்ரி தெக்ராஞ்ச் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பத்து வருஷம் கழித்து டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவர் இவரே. அதன்பின் பெரிய வீரர்கள் பலரும் இந்த ஒரு மணி நேரத்தில் தங்களைச் சோதித்துக்கொண்டார்கள்.

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரத்துக்குப் போனார். உயரமான ஊர், காற்று மெலிது. அதற்குப் பழக, தன் வீட்டு கராஜில் உருளைகள் மேல் சைக்கிளை நிறுத்தி, ஆக்சிஜன் குறைந்த காற்றை முகமூடி வழியாகச் சுவாசித்துக்கொண்டே மிதித்தார். உலகத்தின் முதல் வீரரே கராஜில் நகராத சைக்கிளை மிதித்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அக்டோபர் 25 அன்று அவர் ஓட்டியது 49.431 கிலோமீட்டர். ஆனால் ஆரம்பத்தில் எடுத்த வேகம் அதிகம். முதல் பத்து கிலோமீட்டரிலேயே சாதனை, இருபதிலும் சாதனை. பிறகு வேகம் விழுந்தது. முடித்தபோது தாங்கிப்பிடித்து இறக்க வேண்டியிருந்தது. தன் வாழ்நாளில் இதுவே மிகக் கடினமான ஓட்டம் என்றார். மறுபடி முயலவே இல்லை.

1993இல் கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர். வேலை இல்லாத மனிதர். தானே கட்டிய சைக்கிளில் வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டவர். நார்வேயின் ஹாமர் நகரில் முதல் நாள் தோற்றார். இரவெல்லாம் கால் இறுகிவிடாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடித்துப் படுத்தார். சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் காலை நீட்டி மடக்குவார். மறுநாள் காலை 51.596 கிலோமீட்டர். உலக சாதனை. பயிற்சியிலும் அவருக்கு வீட்டு டிரெய்னர்தான் அளவுகோல்: காற்று, மேடு எதுவும் குறுக்கிடாது, போன தடவையோடு இந்தத் தடவையை ஒப்பிடலாம். உடம்பு தேறாமல் அடுத்த கடின நாளைத் தொடக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதக்காரர்.

இதே ஓப்ரீ கடுமையான மனச்சோர்வு நோயோடு போராடியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனவலிமை பற்றிக் கேட்ட என் மாணவருக்கு இதை நிறுத்திச் சொன்னேன். ஒரு மணி நேர வலியைத் தாங்கிய மனம், இன்னொரு பக்கம் நோயில் கிடந்தது. அவரை மனவலிமை இல்லாதவர் என்று யார் சொல்வது? பெடல் நின்றதை வைத்து மனிதனை எடை போடாதே.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். வீட்டுக்கென்று தனியாக ஒரு சோதனை செய்து, அந்த எண்ணை வைத்துக்கொள். இருபது வேண்டாம், பத்து நிமிஷம் இரண்டு தடவை, நடுவில் ஐந்து நிமிஷம் லேசாக. முதல் மூன்று நிமிஷம் குறித்த வாட்டுக்குப் பத்து குறைவாகவே போ. "இது சுலபமாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முதலில் நிமிஷத்தைக் கூட்டு. வாட்டை அப்புறம் கூட்டலாம். (என் வயதுக்காரர்கள் ஆர்வக் கோளாறில் இறங்க வேண்டாம். இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நிதானமாகத் தொடங்குவது பற்றிக் கடைசியாக ஒன்று. உலக சைக்கிள் அமைப்பு, மெர்க்ஸ் காலத்துச் சாதாரண சைக்கிளில் ஓட்டினால்தான் கணக்கு என்று விதி செய்தது. இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன், ஓய்வு பெறும் தறுவாயில், 2000 அக்டோபர் 27 அன்று மான்செஸ்டரில் முயன்றார். மெர்க்ஸின் கணக்கோடு மல்லுக்கட்டி, கடைசி நிமிஷங்களில்தான் முந்தினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட வெறும் பத்து மீட்டர் அதிகம். நம் பள்ளி வகுப்பறையின் நீளம்கூட அதைவிடப் பெரிதாக இராது.