அல்லிப் பூவும் ஒரு கவிஞரின் நூலும்

நம் லயத்து வாசலில் பூக்கும் ஒற்றைச் செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்தால், எது இதழ், எது மகரந்தத் தாள் என்று குழந்தையும் சொல்லிவிடும். ஐந்து இதழ்கள், நடுவே நீண்ட தண்டு, அதில் மஞ்சள் பூந்தாது. அல்லிப் பூவில் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

ஐரோப்பியக் குளங்களில் பூக்கும் வெள்ளை அல்லியை எடுத்துக்கொள்வோம். வெளியே நான்கு புல்லி இதழ்கள். அவற்றின் புறம் பச்சை, உட்புறம் வெண்மை. அடுத்து அகன்ற வெள்ளை இதழ்கள் அடுக்கடுக்காக நிற்கும். உள்ளே போகப் போக இதழ் சிறுத்துக் குறுகும். ஓரிடத்தில் இதழின் நுனியில் மஞ்சளாகப் பூந்தாதுப் பை தென்படும். அது இதழா, மகரந்தத் தாளா? இன்னும் உள்ளே சென்றால் அகலம் தேய்ந்து, மெல்லிய மஞ்சள் தாள்களே எஞ்சும். நடுவில் சூலகம். (பள்ளிப் பாடத்தில் எல்லாப் பூவின் இதழ் வட்டத்தையும் 'அல்லி வட்டம்' என்பார்கள். அந்த அல்லி வேறு, இந்த அல்லி வேறு.)

இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு விளக்கம் தேடியவர்களில் ஒருவர் ஜெர்மன் கவிஞர் கதே. வைமார் அரசவையில் அமைச்சராகவும் இருந்தவர். இலை, புல்லி, இதழ், மகரந்தத் தாள், சூலகம் எல்லாம் அடிப்படையில் ஒரே உறுப்பின் பல வடிவங்கள் என்று 1790-இல் 123 சிறு பத்திகளில் எழுதினார். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழாகிவிடுவதையும் சான்றாகக் காட்டினார். நம் அடுக்குச் செம்பருத்தியிலும் நடப்பது இதுதான். ஆனால் அப்போது அவருடைய நூல்களை வெளியிட்டுவந்தவரே இதை அச்சிட மறுத்துவிட்டார்; கோத்தா நகரத்துப் பதிப்பாளர் ஒருவர்தான் முன்வந்தார். கவிஞருக்குச் செடியில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் புறக்கணிப்பு கதேயை நெடுங்காலம் வருத்தியது. 1832-இல் அவர் மறைந்தார்.

பின்வந்த தாவரவியலார் வெள்ளை அல்லியையே சிறந்த எடுத்துக்காட்டாகக் கொண்டனர். இதழ்தான் மகரந்தத் தாளாயிற்று என்றனர் சிலர்; மகரந்தத் தாளே இதழாக விரிந்தது என்றனர் வேறு சிலர். ஒரே பூவை வைத்து இரண்டு கட்சி! பார்வையால் மட்டும் இந்த வழக்கு தீரவில்லை.

1991-இல் இங்கிலாந்தின் என்ரிகோ கோயனும் அமெரிக்காவின் எலியட் மெயரோவிட்சும், பூவின் உறுப்புகளை மூன்று வகை மரபணுக்கள் தீர்மானிப்பதாக விளக்கினர். முதல் வகை தனித்து இயங்கினால் புல்லி. முதலும் இரண்டும் சேர்ந்தால் இதழ். இரண்டும் மூன்றும் சேர்ந்தால் மகரந்தத் தாள். மூன்றாவது தனித்தால் சூலகம். கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் மூன்றும் கெட்டுப்போனபோது, பூவின் உறுப்புகள் எல்லாம் இலை போலவே வளர்ந்தன. கதே சொல்லி 201 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1999-இல் மரபணு ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இன்று வாழும் பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளைகளில் அல்லியும் ஒன்று. கடுகுச் செடியில் அந்த மரபணுக்களின் எல்லை வேலி போட்டாற்போல் இருக்கிறது. அல்லியிலோ ஒன்றின் வேலை மெல்லத் தேயும் இடத்திலேயே அடுத்ததன் வேலை தொடங்கி, இரண்டும் கலந்து கிடக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நுனியில் பூந்தாது ஏந்திய அந்த இதழ், இந்த இரண்டும் கலக்கும் இடத்தில் பிறந்தது.