பன்னீர் திராட்சையின் தோல் ரகசியம்

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகத்தைச் சேர்ந்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் பள்ளத்தாக்கின் விவசாயமே மாறியது. இன்று இங்கே ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை உண்டு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பழத்தைக் கையால் பிழிந்தால் வெளிறிய சாறுதான் வரும். கருநீல நிறம் தரும் ஆந்தோசயனின் சதையில் இல்லை, தோலில் இருக்கிறது. துவர்ப்பான டானின்களோ விதையிலும் தோலிலும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இவற்றுடையது. சாறு எடுத்தபின் சக்கையோடு குப்பைக்குப் போவதும் இவைதான்.

இவற்றைச் சாற்றில் இறக்கப் பழைய வழி ஒன்று உண்டு: ஒயின். தோலும் விதையும் சாற்றிலேயே ஊறி நொதிக்கும்போது, உருவாகும் ஆல்கஹால் நிறமியையும் டானின்களையும் இழுத்துக்கொள்ளும். சாறு ஆலைகள் நசுக்கிய பழத்தைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பிழிகின்றன. தோலின் செல்கள் உடைந்து நிறம் இறங்கும். சூடு நீடித்தாலோ அதே நிறமி சிதையும்.

ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்தெடுக்கத் தண்ணீர் கலந்த எத்தனால், சிறிது அமிலம், மீயொலி என்று வழிகள் பல. கிடைத்த சாரத்தை டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் விடுவார்கள். ஊதா மங்கி மஞ்சளாகும் அளவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சாரத்தின் ஆற்றலைக் காட்டும். ஒரே குலையின் பழத்துக்கும் பிரித்தெடுக்கும் முறை மாறினால் அந்த அளவு மாறிவிடும்.