கொடைப் பதிவும் மொழிக் காப்பும்: சோழர்காலக் கல்வெட்டு நடை பற்றி

கல்கத்தா நாணயச்சாலையில் மாற்றறியும் அலுவலராகப் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், 1837இல் சாஞ்சித் தூபத்தின் கல்வேலியிலிருந்து எடுக்கப்பெற்ற படிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறுசிறு வாசகங்கள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கண்டார். கோயிலுக்குப் பொருள் அளித்தோர் தம் பெயரைப் பொறித்து வைப்பது இந்நாட்டு வழக்கம் என்பதை அறிந்திருந்தமையால், அவ்விறுதிச் சொல் 'தானம்' என்பதாக இருக்கவேண்டும் என ஊகித்தார். ஊகம் பலித்தது, பிராமி எழுத்து படிக்கப்பெற்றது. இந்தியக் கல்வெட்டியலுக்குத் திறவுகோலாக அமைந்தது ஒரு கொடைப் பதிவின் மாறா வாய்பாடே என்பது மொழியியலார் கருதத்தக்கது.

சாஞ்சிப் பதிவுகள் மிகச் சுருங்கியவை. கொடுத்தவர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றுக்கு மேல் அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இராது. தெற்குத் தோரணவாயிலில் தம் பணியைப் பொறித்துள்ள விதிசை நகரத் தந்தவேலைக்காரரும் அளவு எதனையும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இல்லை. கொடுத்த பொருள் கல்லாகக் கண்முன்னே நின்றது. சோழர்காலக் கொடையின் இயல்பு வேறு. நாள்தோறும் எரியவேண்டிய விளக்கு, ஆண்டுதோறும் வரவேண்டிய வட்டி, கருவூலத்தில் இருக்கவேண்டிய அணிகலன் ஆகியன பற்றிய பதிவு, பின்னொருநாள் எடுத்துச் சரிபார்க்கத் தக்கதாக இருத்தல் வேண்டும். அந்தத் தேவையே தமிழில் ஒரு தனி நடையை உருவாக்கிற்று.

முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாளில், அதாவது 1010ஐ ஒட்டி, தஞ்சை அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தபோது ஓர் ஆணை பிறப்பித்தான். தான் அளித்தவை, தன் தமக்கை குந்தவை அளித்தவை, தேவியர் அளித்தவை, ஏனையோர் அளித்தவை என எல்லாவற்றையும் இராசராசேச்சுவரத்து விமானத்தில் வெட்டவேண்டும் என்பதே அவ்வாணை. இவ்வாணையில் 'கொடுத்தன' என்பது 'குடுத்தன' என்றே வெட்டப்பெற்றுள்ளது. அக்கோயிலின் செப்புத் திருமேனிகளைக் கூறும் பகுதிகளில் 'உயரம்' என்பது 'உசரம்' என வருகின்றது. பேச்சு வடிவங்கள் அரசாணையிலும் தடையின்றி நுழைந்திருக்கின்றன. ஆனால் அதே திருமேனியின் உயரம் முழம், விரல், தோரை என்னும் அலகுகளில் நுட்பமாக அளக்கப்பெற்று, கைகளின் எண்ணிக்கையும், 'கனமாக' வார்க்கப்பெற்ற செய்தியும் உடன் பதியப்பெற்றுள்ளன. அளவில் காட்டிய கண்டிப்பை எழுதியோர் எழுத்துக்கூட்டலில் காட்டவில்லை. திருத்தம் என்பதை அவர்கள் பொருளைச் சார்ந்ததாகவே கொண்டனர் எனலாம். 'குடுத்தன' என்பதைப் 'பிழை' எனக் குறித்துத் திருத்தும் பதிப்பாசிரியர், ஒலி மாற்றத்துக்கான நாள் குறித்த சான்று ஒன்றை அழித்துவிடுகிறார்.

அணிகலப் பட்டியல்கள் இன்னும் நுட்பமானவை. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பெற்றன. எடை, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனப் பெரும்பாலும் எண்குறியால் அன்றிச் சொல்லாலேயே எழுதப்பெற்றது. ஒரு கோட்டை நீட்டி எண்ணை மாற்றுவது எளிது, சொல்லை மாற்றுவது அரிது. 'நீக்கி', 'உட்பட' என்னும் இரு சொற்களின் ஆட்சி தனியே ஆராயத்தக்கது. சரடு நீக்கி, அரக்கு உட்பட என்று கூறும்போது, நிறுத்த எடையில் எது சேர்ந்தது, எது சேராதது என்னும் ஐயத்திற்கு இடமில்லாமற் போகிறது. முத்துகளோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகைப்படுத்தப்பெற்று, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியும் குறிக்கப்பெற்றன. இவற்றைப் 'பலவகை முத்துகள்' என்று மொழிபெயர்த்துக் கடந்துபோதல் எளிது. ஆனால் நல்ல முத்தை எடுத்துக்கொண்டு கறட்டு முத்தை வைத்துவிடுவோரைக் கண்டறிவதற்கென்றே அச்சொற்கள் அங்கு நிற்கின்றன.

விளக்குக் கொடையில் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடரும் மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்வது. தஞ்சையில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் எனக் கணக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகும், மூக்கும். எண்ணிக்கை மட்டும் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதல் குறையாத கொடை என்பதே இத்தொடரின் பொருள். பெற்றவர் பெயரோடு பிணைநின்ற உறவினர் பெயரும் எழுதப்பெற்றது. காசாக அளித்த கொடைகள் ஊர்ச்சபைகளிடம் கடனாக வைக்கப்பெற்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. கடன் கொண்ட ஊரின் பெயரும் கல்லில் இருந்தமையால், மறுப்பதற்கு வழியில்லை.

நிலக்கொடைக்குப் பதிவு ஒன்று போதவில்லை. அரசன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, ஓலைநாயகர் ஒப்பிட, வரிப்பொத்தகத்தார் தம் கணக்கில் ஏற்ற, பிறகே அது நடைமுறைக்கு வந்தது. நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலம் அளிக்கப்பெற்றதைக் கூறும் செப்பேட்டில் இத்தகைய அலுவலர் பலரின் பெயர்களைக் காணலாம். கையொப்பத்திற்கு அக்காலத்தார் வழங்கிய சொல் 'எழுத்து' என்பதே. எழுதத் தெரியாதார் இட்ட அடையாளம் 'தற்குறி'. அதற்குப் பிறிதொருவர் சான்றெழுதினார். ஆவணத்தில் ஒரு குறியைச் சுட்டிய இச்சொல், பிற்காலத்தில் எழுத்தறியாத ஆளையே சுட்டும் வசைச்சொல்லாயிற்று.

கல்லில் வெட்டியபின்னும் காப்பு வேண்டியிருந்தது. 'பன்மாகேசுவர ரட்சை' என்று முடியும் வாய்பாடு, பதிவைக் காக்கும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் விடாமல் அடியார் அனைவரிடமும் ஒப்படைக்கிறது. கங்கையிடைக் குமரியிடைச் செய்த பாவம் கொள்வார் என்னும் சாபம் மற்றொரு காப்பு. இச்சாபங்களைச் சடங்குச் சொற்களாகத் தள்ளுவோர் உளர். காவலரற்ற பொதுச் சுவரில் நின்ற கணக்கிற்கு வேறு எக்காப்பும் எளிதன்று.

ஆனால் இவ்வமைப்பில் ஒரு மெலிந்த இடம் உண்டு. செங்கற்கோயில் கற்றளியாகும்போதும், பழைய விமானம் பிரிக்கப்பெறும்போதும் பதிவுகள் படியெடுக்கப்பெற்றாக வேண்டும். செம்பியன்மாதேவியார் திருக்கோடிக்காவலில் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த வாசகங்கள் புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன; 'பழங்கல்படி' என்னும் குறிப்பும் சேர்க்கப்பெற்றது. திருமழபாடியில் இராசராசனின் 28ஆம் ஆண்டில் விமானத்தைப் பிரிக்க ஆணை பிறந்தது. கல்வெட்டுகள் முன்னதாகப் புத்தகத்தில் எழுதப்பெற்றன. மீண்டும் அவை கல்லேறியது இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவ்வூர்க் கொடைகளெல்லாம் படியை நம்பியே இருந்தன.

கொடையைப் பொறுத்தவரை இப்படிகள் பயன் தந்தன. மொழி வரலாற்றைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டனர். இயற்பெயர் இன்றிப் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் கொண்ட பதிவு எம்மன்னனது என்பதை முடிவுசெய்ய எழுத்தமைதியே பெரிதும் உதவும். படியில் அவ்வுதவி இல்லை. அதன் எழுத்து படியெடுத்தவன் காலத்தது. சொல்வடிவமோ எனின், மூலத்தில் இருந்ததா, சிற்றுளி பிடித்தவன் நாவில் இருந்ததா என்று பிரித்தறிதல் அரிது. ஒன்பதாம் நூற்றாண்டு வழக்கு என அகராதி காட்டும் ஒரு வடிவம், ஒரு நூறாண்டு பிற்பட்ட படியிலிருந்து பெறப்பட்டதாக இருக்கக்கூடும். 'பழங்கல்படி' என்னும் குறிப்பைப் பதிப்பில் விடாது தருவதும், சொல்லடைவில் அத்தகைய மேற்கோள்களுக்குத் தனிக்குறி இடுவதும் ஆகவே இன்றியமையாதவை.

1887 முதல் கல்வெட்டுத்துறை எடுத்துவரும் மைப்படிகள் இவ்வகையில் வேறுபட்டவை. அவை வாசகத்தோடு எழுத்தின் வடிவையும், கல்லின் சிதைவையும் ஒருங்கே பதிகின்றன. உதகமண்டலத்திலிருந்த அலுவலகம் 1966இல் மைசூருக்கு மாறியபோது படிகளும் இடம்பெயர்ந்தன; தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. திருப்பணிகளில் கல் மாற்றப்பெற்றோ எழுத்து மழுங்கியோ போன கோயில்களுக்கு, அத்தாளே இன்று மூலம்.