காய்ச்சல் விட்ட பின் கால்கள் சோர்ந்தால்…

சளி, காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டால் நாம் நிம்மதியடைந்து விடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தும் விடுகிறது. ஆனால் மிகச் சிலருக்கு, கிருமியை எதிர்க்க எழுந்த நோய் எதிர்ப்பு சக்தியே சொந்த உடலைத் தாக்கத் தொடங்குகிறது. அப்படி நரம்புகள் தாக்கப்படும் நோய்தான் கில்லன் பாரே. 1916-ல் இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் இதைக் கண்டு விவரித்த மருத்துவர்கள் மூவரில் இருவரின் பெயர் இது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கே இந்நோய் வருகிறது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்திருக்கிறது. ஃப்ளூ, கொரோனா ஆகியவற்றுக்குப் பிறகும் இது வந்துள்ளது.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. பலருக்கு இந்த உறைதான் சிதைகிறது. சிலருக்கு நரம்பிழையே பாதிக்கப்படுகிறது. மூளையின் கட்டளை தசைகளுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

அடையாளங்களைக் கவனியுங்கள். முதலில் பாதங்களில் கூச்சம், மரமரப்பு. பிறகு இரு கால்களிலும் பலவீனம். மாடிப்படி ஏறவோ, ஸஜ்தாவிலிருந்து எழவோ சிரமம். சில நாட்களில் அது கைகளுக்கும் முகத்துக்கும் பரவலாம். விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல் ஆகியவை பேராபத்தின் அறிகுறிகள். நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

“காய்ச்சல் அசதிதான், தைலம் தடவினால் சரியாகும்” என்று காத்திருப்பதே நாம் செய்யும் பெரிய தவறு. நரம்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து, பிளாஸ்மா மாற்றம் ஆகிய இரண்டும் பலன் தரும் சிகிச்சைகள். இவற்றை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதால் பயனில்லை.

இது தொற்றுநோய் அல்ல; நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. குணமாக மாதங்கள் ஆகலாம். என்றாலும் ஆறு மாதங்களில் பத்தில் எட்டுப் பேர் பிறர் துணையின்றி நடக்கிறார்கள். அதுவரை பிசியோதெரபியும் வீட்டாரின் பொறுமையும் அவசியம்.

காய்ச்சல் விட்டபின் சில வாரங்களுக்கு, வீட்டிலுள்ளவர்களின் நடையையும் நாம் கவனித்து வருவோம்.