நன்றியும் வாக்கும்: 1945-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுத் தேர்தல்

1945-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்களித்த மக்கள், தாம் தேர்ந்தெடுத்தது யாரை என்று அறிய மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது. கடல் கடந்த நாடுகளில் பாசறைகளில் இருந்த படைவீரர்களின் வாக்குச் சீட்டுகள் வந்து சேரவேண்டும் என்பதற்காகப் பெட்டிகளுக்கு முத்திரையிட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். சில ஆலை நகரங்களில் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு வெளியூர் போகும் வழக்கம் உண்டு. அந்த ஊர்களில் வாக்குப் பதிவே ஒரு வாரம், ஓரிடத்தில் இரண்டு வாரம், பிந்தி நடந்தது. ஜூலை 26-ஆம் தேதி முடிவு வெளியானபோது உலகம் திகைத்தது. ஹிட்லரை முறியடித்த பிரதம மந்திரி வின்ஸ்டன் சர்ச்சிலின் கட்சி தோற்றுப்போயிருந்தது. 640 இடங்கள் கொண்ட காமன்ஸ் சபையில் தொழிற் கட்சிக்கு 393 இடங்கள். கன்சர்வேடிவ் கட்சிக்கும் அதன் துணைக் கட்சிகளுக்கும் 213 இடங்கள். லிபரல் கட்சிக்குப் பன்னிரண்டே இடங்கள்.

"நன்றி கெட்ட ஜனங்கள்" என்று அப்போதே பலர் சொன்னார்கள். செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்து வைத்திருக்கும் மொழியைப் பேசும் நமக்கும் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் வாக்குச் சாவடிக்குப் போவதற்கு முன்பு அந்த மக்கள் எவற்றை எடை போட்டார்கள் என்று நிதானமாகப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது என்பதே என் எண்ணம்.

அவர்கள் பத்து வருஷமாகப் பொதுத் தேர்தலையே காணாதவர்கள். 1935 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்லிமெண்டின் ஆயுள் ஐந்து வருஷம். யுத்தத்தை முன்னிட்டு அதை ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துக்கொண்டே போனார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு பொதுத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை. 1940 மே மாதம் முதல் சர்ச்சிலின் தலைமையில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்த கூட்டு மந்திரி சபை நாட்டை நடத்தியது. இடைத் தேர்தல்களில் பெரிய கட்சிகள் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டிருந்தன. 1945 மே 8-ஆம் தேதி ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது. ஜப்பானும் பணியும் வரை கூட்டாட்சி தொடரலாம் என்று சர்ச்சில் சொல்லிப் பார்த்தார். பிளாக்பூல் நகரில் கூடிய தொழிற் கட்சி மாநாடு அதற்கு இணங்கவில்லை. மே 23-ஆம் தேதி சர்ச்சில் ராஜிநாமாச் செய்து, தம் கட்சியினரையே பெரிதும் கொண்ட இடைக்கால மந்திரி சபையை அமைத்துக்கொண்டு தேர்தலுக்குப் புறப்பட்டார்.

வாக்காளர் கையில் இரண்டு அறிக்கைகள் வந்தன. "எதிர்காலத்தை எதிர்கொள்வோம்" என்ற பொருள்படும் தலைப்புடன் தொழிற் கட்சி தன் திட்டத்தை வெளியிட்டது. கன்சர்வேடிவ் கட்சியின் அறிக்கையோ, வாக்காளருக்குச் சர்ச்சில் விடுக்கும் கொள்கைப் பிரகடனம் என்ற பெயரில் வந்தது. ஒன்று கட்சியின் பெயரால் பேசியது. மற்றது ஒரு மனிதரின் பெயரால் பேசியது. இதிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

நிலக்கரிச் சுரங்கங்களையும் ரயில் பாதைகளையும் பாங்க் ஆப் இங்கிலாந்தையும் நாட்டுடைமையாக்குவதில் கட்சிகள் இரண்டும் எதிரும் புதிருமாக நின்றன. ஆனால் சாதாரணக் குடும்பங்களைத் தொடும் விஷயங்களில் அவற்றின் வாக்குறுதிகளுக்கு இடையே பெரிய தூரம் இல்லை. எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் மருத்துவம், நோய்க்கும் முதுமைக்கும் காப்பீடு, புதிய வீடுகள் என்று இரண்டுமே சொல்லின. 1944-இன் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் கன்சர்வேடிவ் மந்திரி பட்லர். தேசிய மருத்துவத் திட்டத்துக்கு 1944-இல் முதல் வரைவு வெளியிட்ட சுகாதார மந்திரி வில்லிங்கும் அந்தக் கட்சியினரே. குழந்தைகளுக்கு உதவித் தொகை தரும் சட்டம் நிறைவேறியதும் சர்ச்சிலின் இடைக்கால ஆட்சியில்தான். எனவே, "எது நல்ல திட்டம்?" என்பது அந்த வாக்காளரின் கேள்வி அன்று. "யார் சொன்னதைச் செய்வார்?" என்பதே அவர் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடியது அறிக்கைகளில் அல்ல, தம் நினைவில். 1918-இல் முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த தேர்தலிலும் வெற்றி வீரர் ஒருவர் நின்றார். அவர் லாயிட் ஜார்ஜ். வீரர்கள் வாழத் தகுந்த வீடுகள் நிறைந்த நாட்டைப் படைப்பதாக அவர் வாக்களித்தார். மக்கள் அவருக்கு அமோக வெற்றி தந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் பணமுடை என்று சொல்லி வீட்டுத் திட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். மார்பில் பதக்கம் தாங்கிய பழைய சிப்பாய்கள் தெருவில் நின்று தீப்பெட்டி விற்றதைக் கண்ட தலைமுறை 1945-இல் இன்னும் உயிரோடு இருந்தது. அவர்களின் பிள்ளைகள்தாம் இந்தத் தடவை சிப்பாய்களாக இருந்தார்கள்.

அதற்குப் பிந்திய வருஷங்கள் இன்னும் கசப்பானவை. 1930-களின் தொடக்கத்தில் வேலையில்லாதோர் தொகை முப்பது இலட்சத்தை நெருங்கியது. உதவித் தொகை கேட்பவரின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து, மகன் சம்பாதிப்பது எவ்வளவு, விற்கத்தக்க சாமான் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். இந்தச் சோதனைக்கு உட்பட்ட குடும்பங்கள் அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஜாரோ என்ற ஊரிலிருந்து 1936-இல் இருநூறு பேர் லண்டனுக்குக் கால்நடையாகவே வந்து வேலை கேட்டார்கள். பார்லிமெண்டு அவர்களுக்கு எதுவும் செய்துவிடவில்லை. 1938-இல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததும் அதே ஆட்சிதான். சர்ச்சில் அன்று தம் கட்சியையே எதிர்த்து நின்றவர் என்பதை மக்கள் அறிவார்கள். அவரை எதிர்த்து நின்ற கட்சியே இன்று அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்பதையும் அறிவார்கள்.

யுத்தம் வேறொரு பாடத்தையும் கற்றுத் தந்திருந்தது. பங்கீட்டுச் சீட்டு பிரபுவுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே அளவு வெண்ணெய்தான் தந்தது. 1939 செப்டம்பரில் குண்டு வீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து குழந்தைகளும் தாய்மாருமாக ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். சேரிக் குழந்தைகளின் மெலிந்த உடலையும் கிழிந்த காலணியையும் வசதியுள்ள குடும்பத்தினர் பலர் அப்போதுதான் தம் வீட்டு வாசலில் கண்டார்கள். யுத்தத்தை நடத்த அரசாங்கத்தால் எல்லோருக்கும் வேலை தர முடியுமானால் சமாதான காலத்தில் ஏன் முடியாது என்று மக்கள் கேட்கலானார்கள். 1942 டிசம்பரில் சர் வில்லியம் பெவரிட்ஜின் சமூகக் காப்பீட்டு அறிக்கை வெளியானபோது, அந்த வறண்ட அரசாங்க வெளியீட்டை வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த பிப்ரவரியில் காமன்ஸ் சபை அதை விவாதித்தது. அரசாங்கத்தின் பேச்சில் உற்சாகம் இல்லை. தொழிற் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் தம் சொந்தத் தலைவர்களையும் மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். பாசறைகளில் வாரந்தோறும் நடந்த நடப்பு விவகார வகுப்புகளில் சிப்பாய்களும் இதையெல்லாம் விவாதித்தார்கள்.

பெரும் பிரசாரம் வானொலியில் நடந்தது. இரு பெரிய கட்சிகளுக்கும் பத்துப் பத்துப் பேச்சுகள், லிபரல்களுக்கு நான்கு என்று பி.பி.சி. பங்கிட்டுக் கொடுத்தது. ஜூன் 4-ஆம் தேதி இரவு சர்ச்சில் பேசினார். தொழிற் கட்சியின் சோஷலிசம் நடைமுறைக்கு வந்தால் அதைக் காக்க கெஸ்டபோ போன்றதொரு போலீஸ் வேண்டியிருக்கும் என்றார். எவ்வளவு பெரிய பேச்சாளர், எவ்வளவு சிறிய பேச்சு! அவர் குறிப்பிட்டது யாரை? ஐந்து வருஷம் அவருக்குத் துணை நின்ற அட்லியை, உள்நாட்டு மந்திரியாக இருந்த மாரிசனை, நாட்டின் தொழிலாளர் சக்தி முழுவதையும் யுத்தத்துக்குத் திரட்டித் தந்த பெவினை. இவர்கள் ஆட்சி செய்யத் தெரியாதவர்கள் என்ற பழைய அச்சத்தைப் போக்கியவரே சர்ச்சில்தான். மறுநாள் இரவு அட்லி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: ஒன்றுபட்ட தேசத்தின் போர்த் தலைவருக்கும் ஒரு கட்சியின் தலைவருக்கும் எவ்வளவு வேற்றுமை உண்டு என்பதை மக்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்றே சர்ச்சில் அப்படிப் பேசியிருப்பார் என்றார். மக்கள் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்த வேற்றுமையும் அதுவே.

சர்ச்சில் ஊர் ஊராகச் சென்றார். வழியெல்லாம் கூட்டம், ஆரவாரம், கண்ணீர். அவரைக் கண்டு கை அசைத்தவர்களில் எத்தனையோ பேர் மாலையில் வீடு திரும்பித் தொழிற் கட்சிக்கு வாக்களிப்பதென்று தீர்மானித்தார்கள். அட்லியோ தம் மனைவி ஓட்டிய சிறு குடும்பக் காரில் கூட்டத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தார். நியூஸ் கிரானிகிள் பத்திரிகையில் வந்த காலப் கருத்துக் கணிப்பு, தொழிற் கட்சி முன்னே நிற்கிறது என்றும், மக்களின் முதல் கவலை வீடு என்றும் காட்டியது. அரசியல்வாதிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. குண்டு வீச்சில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தோ குடியிருக்கத் தகாதவை ஆகியோ போயிருந்தன. மணமான பெண் மாமியார் வீட்டு முன்னறையில் கைக்குழந்தையோடு இருக்கையில், அவளிடம் கெஸ்டபோவைப் பற்றிப் பேசி என்ன பயன்?

லிபரல்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. எல்லோரும் விரும்பிய அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ் அந்தக் கட்சி வேட்பாளர். ஆயினும் 306 தொகுதிகளில் மட்டுமே அக்கட்சி நின்றது. அது ஆட்சி அமைக்க இயலாது என்பது வெளிப்படை. ஏறக்குறைய 22 இலட்சம் பேர் வாக்களித்தும் பன்னிரண்டு இடமே கிடைத்தது. பெர்விக் தொகுதியில் பெவரிட்ஜே தோற்றார். திட்டத்தை எழுதியவரை விட்டு, அதை நிறைவேற்றும் வலிமை உள்ள கட்சியை வாக்காளர் நாடினார்கள். இதில் மனக் கணக்கோடு சீட்டுக் கணக்கும் சேர்ந்திருந்தது. அந்நாளில் வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரும் முகவரியும் தொழிலும் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். நம் நாட்டுத் தேர்தல்களில் உள்ளது போலச் சின்னமும் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. கட்சியை மனத்தில் தீர்மானித்து, அதன் ஆள் இன்னார் என்று நினைவில் கொண்டு போகவேண்டும்.

இந்தியா இந்தத் தராசில் எங்கே இருந்தது? உண்மையைச் சொன்னால், பெரும்பாலான வாக்காளர் மனத்தில் அது இல்லை. தேர்தல் நடந்த அதே நாட்களில்தான், ஜூன் 25 முதல் ஜூலை 14 வரை, வேவல் பிரபு சிம்லாவில் நம் தலைவர்களைக் கூட்டிப் பேசி முடிவு காணாமல் கலைந்தார். இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி என்பது தொழிற் கட்சி அறிக்கையில் ஒரு வரி. இந்தியாவைப் பற்றி நேராகப் பேசிய தொகுதி பர்மிங்காமின் ஸ்பார்க்புரூக். 1942-இன் அடக்குமுறையின்போதும் 1943-இன் வங்கப் பஞ்சத்தின்போதும் இந்தியா மந்திரியாக இருந்த ஏமரி அங்கே நின்றார். அவரை எதிர்த்து, வங்காளித் தந்தைக்குப் பிறந்த ரஜனி பாமி தத் கம்யூனிஸ்டு வேட்பாளராக நின்றார். தத்துக்கு இரண்டாயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை. ஏமரியும் தோற்றார், தோற்கடித்தது தொழிற் கட்சி. வீடு வேண்டும் என்று போட்ட வாக்குகள் நம் விடுதலையையும் விரைவுபடுத்தின என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

சர்ச்சிலின் சொந்தத் தொகுதியான வுட்போர்டில் பெரிய கட்சிகள் எதுவும் அவரை எதிர்க்கவில்லை. பெயர் தெரியாத சுயேச்சை ஒருவர் நின்றார். அவருக்கே பத்தாயிரத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. ஜூலை 26 மாலை சர்ச்சில் அரண்மனைக்குச் சென்று ராஜிநாமாவைக் கொடுத்தார். மக்கள் நன்றி மறந்துவிட்டார்கள் என்று அவருடைய மருத்துவர் மோரன் பிரபு வருந்தியபோது, அப்படிச் சொல்லமாட்டேன், அவர்கள் மிகவும் கஷ்டப்பட்டுவிட்டார்கள் என்றாராம் சர்ச்சில். போட்ஸ்டாமில் ஸ்டாலினோடும் டுரூமனோடும் பாதியில் நின்றிருந்த மாநாட்டுக்கு இரண்டு நாளில் அட்லி பிரதம மந்திரியாகத் திரும்பிப் போனார்.

1951 அக்டோபரில் சர்ச்சில் மீண்டும் பிரதம மந்திரியானார். அந்தத் தேர்தலில் தொழிற் கட்சிக்கு அவர் கட்சியைவிட இரண்டு இலட்சத்துக்கு மேல் அதிக வாக்குகள் விழுந்தும் இடங்கள் குறைந்துபோயின. இடையில் ஏற்பட்டிருந்த தேசிய மருத்துவத் திட்டத்தை அவர் கலைக்கவில்லை. தேர்தலின்போது அவர் கட்சி கொடுத்த வாக்குறுதிகளில் மக்கள் காதில் நன்றாக விழுந்தது, வருஷத்துக்கு மூன்று இலட்சம் வீடு கட்டித் தருவோம் என்பது.