அட்டப்பாடி முதல் மூணாறு வரை: குருதியில் குறைந்த இரும்பு

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டை ஒட்டும் மலைப்பகுதிகளில் ரத்தசோகை நெடுங்காலமாக நிலைத்திருப்பதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களையும் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலம் கைமாறியதும் வேலைமுறை மாறியதும் உடலின் இரும்புக் கணக்கை எவ்வளவு ஆழமாகக் கலைத்தன என்பது புலப்படும். வளர்ந்த மனித உடலில் இருக்கும் இரும்பு 3 அல்லது 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் சிவப்பணுப் புரதத்தில் அடங்கியிருக்கிறது. உடல் நாள்தோறும் இழப்பது சுமார் 1 மில்லிகிராம் என்றாலும், மாதவிடாய் அந்த இழப்பைக் கூட்டுவதாலும், ஒரு பேறுகாலம் முழுவதற்கும் 1 கிராம் அளவுக்கு இரும்பு வேண்டியிருப்பதாலும், வரவு சற்றே சுருங்கினாலும் முதலில் தளர்வது பெண்களின் உடல்தான்.

பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடியில் வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மக்கள், மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் போன்ற ஜன்மிகளிடம், அதாவது மரபுவழி நில உரிமையாளரிடம், காட்டின் உரிமை இருந்த காலத்திலும், பஞ்சகிருஷி எனப்படும் மாற்றிட வேளாண்மையை நடத்திவந்தனர். காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றைக் கலந்து விதைத்து, சில ஆண்டுகளில் அந்த இடத்தை மீண்டும் காட்டுக்கே விட்டுவிடுவது அதன் முறை. ஊரின் தலைவராக மூப்பன் இருந்ததைப் போலவே, விதைப்பைத் தொடங்கிவைக்க மண்ணுக்காரன் என்ற தனிப் பொறுப்பாளரும் இருந்தார் என்பதிலிருந்து, தானியம் அச்சமூகத்தில் பெற்றிருந்த இடத்தை உணரலாம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களிடம் நிலம் போனது, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் காடுகள் அரசுடைமையாயின, மாற்றிட வேளாண்மைக்கு இடமில்லாமல் போயிற்று. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் சட்டம் இயற்றப்பட்டும், அதற்கான விதிகள் 1986இல்தான் வெளிவந்தன. ஒரு தலைமுறை கேழ்வரகை மறப்பதற்கு அந்த இடைவெளியே போதுமானது. அதன் இடத்தை ரேஷன் அரிசி பிடித்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பு இருக்க, தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இருப்பதில்லை.

இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு பழைய உணவைப் பொற்கால உணவாக்கிவிடும் போக்கு இன்றைய சிறுதானிய விளம்பரங்களில் மிகுதி. அது முழு உண்மையாகாது. தானியத்தின் இரும்பு, இறைச்சியின் இரும்பைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. கேழ்வரகின் மேலுறையில் உள்ள பைட்டேட், பாலிபீனால் என்னும் சேர்மங்கள் அதைக் கட்டிப்போடுகின்றன. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தக் கட்டைத் தளர்த்தும். நெல்லி, எலுமிச்சை போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். உடன் உண்ணும் இறைச்சிக்கும் மீனுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஆகவே அட்டப்பாடியில் காணாமற்போனது ஒரு தானியம் மட்டுமன்று. அதனோடு விளைந்த பயறும், காட்டுக் கீரையும், வேட்டை இறைச்சியும் சேர்ந்து அமைந்த ஓர் உணவு ஒழுங்கே குலைந்தது.

மூணாற்றில் வரவைவிட இழப்பே பெரிது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை நிலைபெற்றபின், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள்திரட்டும் மேற்பார்வையாளர்கள், அழைத்துவந்த குடும்பங்கள் லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், அடைக்கப்பட்டன. உணவுத் தானியம் விளையாத மலையில் அரிசி கீழிருந்து ஏறி வந்தாக வேண்டியிருந்தது. வெறுங்காலோடு நடக்கும் தோட்டத் தொழிலாளியின் பாதத்தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சி இரும்பிழப்பை உண்டாக்கும். குளிர் மிகுந்த உயரங்களைவிட வெப்பமும் ஈரமும் சேர்ந்த தாழ்ந்த சரிவுகளே அதற்கு ஏற்றவை. ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடர்ந்து, 1920களின் இறுதியில் அதன் மருத்துவர் ஜேகாக்ஸ் திருவிதாங்கூர் அரசின் பொதுச் சுகாதாரப் பணிக்கு வழிகாட்ட வந்தார். தோட்டங்களில் நலிந்த தொழிலாளி குறைவாகவே கொழுந்தெடுப்பார் என்பதால் முதலாளிகளுக்கும் அதில் அக்கறை பிறந்தது என்று கருதுவதில் தவறில்லை. அந்தக் கணக்கை 1979இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது: இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் உயர்ந்த பெண்கள் ஒரு மாதத்திலேயே முன்னைவிட அதிகக் கொழுந்து பறித்தனர். உணவோடு குடிக்கும் தேநீரின் டானின் இரும்பு உறிஞ்சுதலைக் கடுமையாகக் குறைக்கிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் காட்டியிருந்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண் சோற்றோடு கட்டன் சாயாவும், அதாவது பால் கலக்காத தேநீரும், குடிக்கிறார் என்றால், அவர் பறிக்கும் இலையே அவருடைய இரும்பையும் எடுத்துக்கொள்கிறது.

சோகைக்கு இரும்பு மருந்து தருவது இம்மண்ணுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் பாண்டு நோய் என்று அழைத்த சோகைக்குக் கொடுத்த செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி, வேதியியலில் இரும்பு சல்பேட். 1970இல் இந்திய அரசு தொடங்கிய ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தின் மாத்திரையிலும் அதே உப்பே ஃபோலிக் அமிலத்தோடு சேர்ந்திருந்தது. 2013இல் அட்டப்பாடியின் குழந்தை இறப்புகள் நாடறிந்த செய்தியானபோது தாய்மாரின் சோகை மறுபடியும் பேசப்பட்டது. ஊர்தோறும் சமூகச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன, 2017இல் சிறுதானிய கிராமத் திட்டமும் வந்தது. ஆயினும் அங்கே எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் பக்கத்து நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதைக் கண்டறிந்தனர். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து விரைவில் அழியும் அரிவாள் செல் நோயில் இரும்பு உடலிலேயே தங்கிவிடக்கூடும் என்பதாலும், அடிக்கடி குருதி ஏற்றப்பட்டவர்களிடம் அது மேலும் சேர்ந்துவிடும் என்பதாலும், நோயாளிக்கு இரும்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று சோதித்தறிந்த பின்னரே மாத்திரை கொடுக்கப்பட வேண்டும்.